கப்ராலுக்குக் காலையில் ஒரு சண்டை

நான் வேலை பார்த்த கால்நடை ஆஸ்பத்திரிக்கு இருதயத்தைப் படம் பிடிக்கும் இயந்திரம் வந்திருக்கிறது. போன மாதம் அதைப் பார்க்க வரச்சொல்லி இப்போதைய பிள்ளைகள் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், ஒரு லாப்ரடாரைப் படுக்கவைத்துத் திரையில் அதன் இருதயம் திறந்து மூடுவதைக் காட்டினார்கள். "இதெல்லாம் இல்லாம உங்க காலத்துல எப்படி சார் வைத்தியம் பாத்தீங்க?" என்று கம்பவுண்டர் பெண் ஒருத்தி கேட்டாள். பாவம் பார்க்கிற குரல். எனக்குச் சுருக்கென்றது.

"ஃபேன நிறுத்திட்டுப் பாத்தோம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கலியபெருமாள். கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்று லாஸ்பேட்டையில் உட்கார்ந்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுக்கு மருந்து புகட்ட வாத்தியார் கற்றுக்கொடுத்தார், எப்போது விலகி நிற்கவேண்டும் என்பதை மாடு கற்றுக்கொடுத்தது. வலது முழங்காலில் இன்னும் அந்தப் பாடம் தெரியும். முதல் பத்து வருஷம் மாடும் ஆடும்தான். அப்புறம் ஊரில் வீடுகள் மாடியாக, மாடுகள் போய் நாய்கள் வந்தன. எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பஞ்சு மூட்டை மாதிரி பொமரேனியன்.

நிஜமாகத் தொழில் கற்றது டாக்டர் சுகுணாம்மா வந்த பிறகு. ஒல்லியான அம்மா, பெரிய கண்ணாடி, சிரிப்பைச் சர்க்கார் டீசல் போலச் சிக்கனமாகச் செலவு செய்வார். மிருகங்களிடம் மரியாதையாகவும் மனிதர்களிடம் கறாராகவும் பேசுவது அவர் வழக்கம். "வாங்க, உக்காருங்க" என்று அவர் வரவேற்றால் அது நாயை. கூட வந்தவருக்கு, "நீங்க செவுத்தோரமா நில்லுங்க, மேசை மேல கைய வைக்காதீங்க." ஒருதரம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பால்காரர் வீட்டு எருமை கன்று போடமுடியாமல் தவித்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டபடி, "கொஞ்சம் பொறுத்துக்கங்க, இதோ ஆயிடுச்சி" என்று எருமையின் பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் அம்மா. தன்னிடம்தான் சொல்கிறார் என்று பால்காரர் நினைத்து, "பரவால்லம்மா, நான் பொறுத்துக்கறேன்" என்றார். "உங்கள யார் கேட்டது?" என்றார் அம்மா. கன்று பிழைத்தது. அதற்கு சுகுணா என்று பெயர் வைத்தார்கள். அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன். அவரோ ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

இருதயம் கேட்பதென்றால் அது ஒரு பூசை. முதலில் ஃபேன் நிற்கும். அடுத்து நான் வாசலுக்குப் போய் வரிசையில் இருப்பவர்களின் வாயை மூடச் சொல்லவேண்டும். ஆட்டின் வாயை மூடுவது ஆட்டுக்காரர் பொறுப்பு. பிறகு நாயை சிமெண்ட் மேசையில் நிற்கவைத்து, ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறுகையைத் தாடைக்கு அடியிலும் கொடுத்துப் பிடித்துக்கொள்வேன். இறுக்கினால் நாயின் மூச்சு மாறிவிடும், தளர்த்தினால் நாயே இடம் மாறிவிடும். அம்மா ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, நாயின் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கண்ணை மூடுவார். அவர் கண்ணைத் திறக்கிற வரைக்கும் எனக்கு மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. அப்படி அவர் கேட்டுச் சொன்னது தப்பிப்போய் நான் பார்த்ததில்லை. இப்போது நான் சொல்லப்போகிற கேஸிலும் அவர் காது தப்பவில்லை. தப்பியது வேறு.

பிரான்சில் பிராங்க் போய் யூரோ வந்த புதிது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் எல்லோரும் மரியாதையாக முசியே என்று கூப்பிடும் லூர்துசாமி என்று ஒரு சொல்தா இருந்தார். பிள்ளைகள் இரண்டும் பிரான்சில். வீட்டில் அவரும், அவர் சம்சாரம் மதாமும், கப்ரால் என்கிற வயதான பொமரேனியனும். தான் சார்ஜெண்டாக இருந்தவர் என்பதால் நாய்க்கு ஒரு படி குறைந்த பதவியைப் பெயராக வைத்திருந்தார்.

முசியேயின் குரல் ஊர் அறிந்தது. சாதாரணமாக "மணி என்ன?" என்று கேட்டாலே எதிர்வீட்டுக் குழந்தை அழும். தினமும் காலையில் அவருக்கும் மீன்காரி அஞ்சலைக்கும் வாசலில் ஒரு சண்டை நடக்கும். மீன் இன்றைக்குப் பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா என்பதுதான் விஷயம். முடிவு என்னவோ தினமும் ஒன்றுதான்: திட்டிக்கொண்டே வாங்குவார், திட்டிக்கொண்டே அவள் கூடையைத் தலையில் ஏற்றுவாள். அந்தத் தெருவில் அந்தச் சண்டையை வைத்துத்தான் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவார்கள்.

ஒருநாள் ஆஸ்பத்திரி திறக்கும்போதே அவர் கப்ராலைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "டாக்டர்! அந்த அஞ்சலை எம்புள்ளயக் கொன்னுட்டா! தொண்டையில முள்ளு! ராத்திரி பூரா இருமுது!"

அம்மா நாயைப் பார்த்து, "வாங்க கப்ரால், ஆ காட்டுங்க" என்றார். நான் வாயைத் திறந்து பிடித்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"முள்ளு இல்ல."

"இருக்கும், நல்லா பாருங்க. அவ விக்கிற மீனுல சதைய விட முள்ளுதான் ஜாஸ்தி."

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஃபேனை நிறுத்தினேன். வெகுநேரம் கேட்டார். கண்ணைத் திறந்ததும் நேராக முசியேயிடம் சொன்னார். "இது தொண்டை இருமல் இல்ல முசியே. இருதயத்துக்குள்ள ஒரு கதவு இருக்கு. வயசாயி அது சரியா சாத்திக்க மாட்டேங்குது. ரத்தம் பின்னால ஒழுகுது, நுரையீரல்ல நீர் கோக்குது. அதான் இருமுறாரு."

முசியே மெல்லிய குரலில் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "செத்துப்போயிடுவானா?"

"இப்ப இல்ல. நல்லா பாத்துக்கிட்டீங்கன்னா இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கூட இருப்பாரு. பாத்துக்கலன்னா மாசக் கணக்குதான்."

அப்புறம் கட்டளைகள். இருதய மாத்திரை இரண்டு வேளை. நீர் இறக்குகிற மாத்திரை ஒன்று, அதனால் அடிக்கடி வெளியே விடவேண்டும். உப்பு அறவே கூடாது. தூங்கும்போது மூச்சை எண்ணவேண்டும், நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடிவரவேண்டும். எல்லாவற்றுக்கும் முசியே பட்டாளத்துக்காரர் போல விறைப்பாகத் தலையாட்டினார்.

"இன்னொண்ணு. படபடப்பு ஆகாது. வீட்டுல கத்தக் கூடாது, சத்தமே கூடாது."

வரிசையில் ஆட்டோடு நின்ற, முசியேயின் தெருக்காரர் ஒருவர், "டாக்டரம்மா, அதுக்கு பதிலா வேற எதனா மாத்திரை இருக்கா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. முசியேகூடத் திரும்பி முறைக்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி நடந்து போனார்.

வீட்டுக்குப் போகிற வழிதான் என்பதால், வாரம் ஒருதரம் மாத்திரையைக் கொடுத்து மூச்சைப் பார்த்துவரும் வேலை எனக்கு. முதல் வாரம் போனபோது அழைப்பு மணிக்குத் துணி சுற்றியிருந்தது. முசியே வெறுங்காலோடு வந்து கதவைத் திறந்தார். உதட்டில் விரல் வைத்து உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில் டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். மதாம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"யார் அழுவுறாங்கன்னு தெரியுது கலியபெருமாள்" என்று என்னிடம் முணுமுணுத்தார். "எதுக்கு அழுவுறாங்கன்னு ஒரு வாரமா தெரியல."

குக்கருக்குத் தடை, விசில் அடிக்கும் என்று. மிக்சிக்குத் தடை. உப்பு ஜாடியை முசியே பரண்மேல் ஏற்றிவிட்டார். நாய்க்கு இல்லாத உப்பு நமக்கு எதற்கு என்பது அவர் கட்சி. பெத்தாங்க் என்கிற குண்டு விளையாட்டு ஆடுகிற கூட்டாளிகள் ஒருநாள் இரும்புக் குண்டுகளோடு கூப்பிட வந்தார்களாம். நாற்பது வருஷமாக யார் குண்டு பக்கத்தில் விழுந்தது என்று தொண்டை கிழியக் கத்தின மனுஷன், ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டார். குண்டு குண்டோடு மோதுகிற சத்தம் மட்டும் கப்ராலுக்குக் கேட்டால் போதும், குதித்துக்கொண்டு கிளம்பிவிடும் என்று பயம்.

நாள் முழுக்க அவர் செய்தது ஒரே வேலை. கப்ராலுக்கு எதிரே நாற்காலி போட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றி, பட்டாளத்துக் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் விலா ஏறி இறங்குவதை எண்ணுவது. கப்ரால் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். எண்ணிக்கை குழம்பிவிடும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். ராத்திரியும் அப்படியே என்றார் மதாம். ஆளுக்குக் கன்னம் ஒட்டிப்போய், கண் குழி விழுந்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார்.

"ரெண்டு நோயாளிய வெச்சிக்கிட்டிருக்கேன்" என்றார் மதாம் வாசல்வரை வந்து. "நீங்க ஒருத்தருக்குத்தான் மாத்திரை குடுத்திருக்கீங்க." அடுத்த வாரம் நான் போனபோது அவர் இல்லை. உப்பும் பேச்சும் இருக்கிற வீட்டில் கொஞ்சநாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று ரெட்டியார்பாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம்.

தெருவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாமதமாக எழுந்தன. அஞ்சலை கூடையை இறக்கினால், முசியே ஒரு மீனைத் தொட்டுக் காட்டுவார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார், "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றியைக் கிசுகிசுப்பார். அவள் ஆடிப்போய்விட்டாள். என்னைத் தெருமுனையில் மடக்கினாள்.

"சார், அந்த மனுசனுக்கு இன்னா ஒடம்புக்கு? எங்கிட்ட மெர்சின்றாரு சார்!"

"அவருக்கு இல்லம்மா. நாய்க்கு இருதயக் கோளாறு. சத்தம் ஆகாது."

"அடக் கடவுளே" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள். "அந்தக் குட்டிக்கா? இத்தினி நல்ல மனுசனையா நான் இத்தினி வருசமாத் திட்டிக்கினு இருந்தேன்?"

மாதம் மூன்று ஆகியும், இவ்வளவு பக்குவம் பார்த்தும் கப்ரால் தேறவில்லை. மூச்சு முப்பதை ஒட்டியே நின்றது, பிறகு தாண்டியது. ஒருநாள் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார், நான் நீர் இறங்க ஊசி போட்டேன். அம்மா மாத்திரையைக் கூட்டினார். ஒரு வாரம் பரவாயில்லை, மறுபடி அதே கதை. முசியே சுவரோரம் நின்று, "நான் எதுல தப்பு பண்றேன் டாக்டர்?" என்றார். கண்ணில் தண்ணீர். போர்க்களம் பார்த்த மனுஷன். எனக்குத் தாங்கவில்லை, மருந்து எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவர் போனதும் அம்மா மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "எங்கிருந்தோ உப்பு போகுது கலியபெருமாள். நாளைக்குக் காலையில அவங்க வீட்டுக்குப் போலாம்."

அவர் நாய்க்காக வீடு தேடிப்போனது அபூர்வம். அவர் ஸ்கூட்டரின் பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போனேன். தெருவே அமைதி. முசியே சத்தமில்லாமல் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். கூடத்து மூலையில் கப்ரால் படுத்திருந்தது. கண் மட்டும் முசியேயைவிட்டு நகரவில்லை. "எப்படி இருக்கீங்க?" என்று அம்மா கேட்டதற்கு வாலை ஒருதரம் அசைத்தது. அடுப்பங்கரையை அலசினோம். சோற்றில் உப்பில்லை, வேகவைத்த கோழியில் உப்பில்லை. முசியே முகத்திலும் உப்பில்லை.

கூடத்துக்குத் திரும்பி வந்து அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபோது வாசல் கேட்டில் மெல்லத் தட்டுகிற சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அஞ்சலை. கூடையை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து எதையோ எடுத்துக் கம்பி வழியாக நீட்டினாள்.

எழுந்து நிற்கவே முடியாது என்று நாங்கள் நினைத்திருந்த கப்ரால் எழுந்தது. எங்கள் கால்களுக்கு இடையே புகுந்து, கூடத்தைத் தாண்டி, படி இறங்கி, கேட்டுக்குப் போய் அதை லாவகமாக வாயில் வாங்கியது. முசியே மீனோடு உள்ளே போனதும் தினமும் நடக்கிற வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

நெத்திலிக் கருவாடு. உப்பில் புரட்டிக் கடற்கரை வெயிலில் காயவைத்த அசல் கருவாடு.

முசியே வாசலில் நின்றார். வாய் திறந்தது, மூடியது, திறந்தது. அத்தனை மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வருவதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அடியேய் அஞ்சலை! கொலகாரி! எம்புள்ளக்கி வெஷம் வைக்கிறியா!"

எதிர்வீட்டு ஜன்னல் படார் என்று திறந்தது.

"வெஷமா? யார் வெஷம் வெச்சா? நோவுல கெடக்குற புள்ள ஆசையாத் துன்னுதேன்னு ஒரு துண்டு குடுத்தேன்! நீ நல்ல மனுசனா மாறிட்டியேன்னு மனசு எறங்கிக் குடுத்தேன்!"

"நான் நல்ல மனுசன்னு உங்கிட்ட எவன்டி சொன்னான்? உப்பு! உப்பு! உப்பு ஆகாதுன்னு நான் பச்சத் தண்ணி மாதிரி கஞ்சி குடிச்சிக்கினு கெடக்குறேன், நீ கருவாட்ட நீட்டுறியா?"

"உப்பு ஆகாதுன்னு யார் சொன்னது? வாயத் தொறந்து நீ சொன்னியா? மெர்சி மெர்சின்னா எனக்கு இன்னா தெரியும்?"

அம்மா பதறி எழுந்தார். "முசியே, சத்தம்! நாய்..." என்று கையை உயர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கப்ரால் கருவாட்டை மென்று முடித்திருந்தது. கேட்டுக்கும் முசியேக்கும் நடுவில், அந்தச் சண்டையின் நட்டநடுவில், இரண்டு சுற்றுச் சுற்றியது. முசியேயின் வெறும் பாதத்தின்மேல் மோவாயை வைத்துப் படுத்தது. பெரிதாக ஒரு பெருமூச்சு. கண் சொருகியது. குறட்டை விட்டது.

"கலியபெருமாள், எண்ணுங்க" என்றார் அம்மா.

நான் குந்தி உட்கார்ந்து எண்ணினேன். மேலே முசியே அஞ்சலையின் வம்சத்தை இழுத்துக்கொண்டிருந்தார், அவள் அவருடைய பட்டாளத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன். "இருபத்தி நாலும்மா."

மாதக்கணக்கில் பார்க்காத எண் அது. அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். சண்டை ஓய்கிற வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் முசியேயைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மனிதரை அவர் உட்காரச் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல்தரம்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். "பத்து வருஷமா இவரு இந்தச் சத்தத்துலதான் தூங்கியிருக்காரு. நீங்க கத்துறீங்கன்னா வீட்டுல எல்லாம் சரியா இருக்குன்னு அவரு கணக்கு. திடீர்னு வீடு அடங்கிப்போச்சி. நீங்க ராத்திரி பகலா அவர மொறச்சிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. என்னமோ ஆபத்துன்னு அவரும் உங்களப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு நீங்க காவல், உங்களுக்கு அவரு காவல். ரெண்டு பேரும் தூங்கல."

முசியே குனிந்து கப்ராலைப் பார்த்தார். காலை அசைக்காமல் தேம்பித் தேம்பி அழுதார். கேட்டுக்கு வெளியே அஞ்சலையும் மூக்கைச் சிந்தினாள்.

அம்மா எழுந்து மருந்துப் பெட்டியை மூடினார். "மாத்திரை அதேதான். உப்பு அவருக்கு மட்டும் கிடையாது, நீங்க போட்டுச் சாப்பிடுங்க. மதாமைக் கூட்டிட்டு வாங்க. காலையில ஒரு சண்டை போடுங்க." அஞ்சலை பக்கம் திரும்பினார். "நீங்க சண்டை போடலாம். கருவாடு கூடாது."

கப்ரால் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தது. மதாம் திரும்பி வந்தார், டிவி அழுதது, குக்கர் விசில் அடித்தது, முசியே பெத்தாங்குக்குப் போய்க் கத்திவிட்டு வந்தார். பெல்ட்டில் போட்ட புது ஓட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அஞ்சலை இடுப்பில் சுருக்குப்பையே இல்லாமல் வந்து, சேலையை உதறிக் காட்டிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பாள். ஒருநாள் காலை அப்படி ஒரு நல்ல சண்டையின் நடுவில், முசியேயின் பாதத்தின்மேல் மோவாயை வைத்தபடியே அதன் மூச்சு நின்றது. அவர்தான் முதலில் உணர்ந்தாராம். பாதி வசவில் நிறுத்திவிட்டாராம்.

வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் புதைத்தார்கள். அம்மா வந்து ஒரு பிடி மண் போட்டு, "போயிட்டு வாங்க கப்ரால்" என்றார். முசியே சல்யூட் அடித்தார்.

அப்புறம் அந்த வீடு மறுபடி அடங்கிவிட்டது. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே. சில வாரம் கழித்து, "போய் ஒருநடை பாத்துட்டு வாங்க" என்று அம்மா என்னைக் காலையில் அனுப்பினார். மாத்திரை கொண்டுபோகாமல் வெறுங்கையோடு அந்த வீட்டுக்குப் போகக் கூச்சமாக இருந்தது. முசியே வாசல்படியில் காலை நீட்டிப் பாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

அஞ்சலை வந்து கூடையை இறக்கினாள். அவர் கையை நீட்டினார். அவள் ஒரு வஞ்சிரத்தை எடுத்து நீட்டினாள். தூரத்தில் நின்ற எனக்கே நாற்றம் அடித்தது. கண் வெளுத்து உள்ளே போயிருந்தது. அவர் அதைப் பிடித்து, "மெர்சி" என்றார்.

அஞ்சலை மீனை விடவில்லை. வாலை அவள் பிடித்திருக்க, தலையை அவர் பிடித்திருந்தார்.

"இன்னிக்குக் காலையில புடிச்ச மீனு" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"செவுளத் தூக்கிப் பாரு முசியே. கண்ணப் பாரு. மூணு நாளா வித்துப்போவாம கெடந்த மீனு, உனுக்குன்னே ஐஸ்ல போடாம எட்டாந்தேன். உம் மூஞ்சிக்கு நேரா உன்ன ஏமாத்துறேன். கேக்க மாட்டியா?" அவள் மீனின் வாலைப் பிடித்து உலுக்கினாள். "பட்டாளத்துக்காரனாம் பட்டாளத்துக்காரன். கேளுய்யா!"

முசியே மீனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். செவுளைத் தூக்கினார். தொண்டையில் துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஏதோ கரகரத்தது.

"அடியேய் அஞ்சலை!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. உள்ளே மதாம் தட்டைக் கை தவறிப் போட்ட சத்தம் கேட்டது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தெருமுனைக்கு வந்த பிறகும் அவர் குரல் துரத்திக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு கிழட்டு நாட்டுநாயின் எதிரே நின்றிருந்தார். "எப்படி இருக்காரு?" என்றார்.

"கத்துறாரும்மா" என்றேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். கொஞ்சம் அதிகநேரம் துடைத்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, நாட்டுநாயிடம் "வாங்க, உக்காருங்க" என்றார். நான் போய் ஃபேனை நிறுத்தினேன்.